காளைப் பருவத்துக் கால்பந்தாட்டம்

கால்பந்தாட்டம் நம் கலாசாலைக்குப் புதிதன்று. மாலை வேளையில் மைதானத்தில் எழும் ஆரவாரம், நூல்நிலையத்தில் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருப்போர் செவிக்கும் எட்டுவதே. ஆயினும் அவ்வாட்டத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதப் புகுவோர் நம்முள் மிகச் சிலர். விளையாட்டு ஆடுதற்குரியது, ஆராய்தற்குரியதன்று என்னும் எண்ணம் தமிழ் பயில்வார்மாட்டும் உளது. யாம் அங்ஙனம் கருதவில்லை. ஒரு சமுதாயம் தன் இளைஞரை எங்ஙனம் மதிக்கிறது, அவர்பால் எதனை எதிர்நோக்குகிறது, அவரை எதற்குப் பயன்படுத்துகிறது என்பவற்றை அதன் விளையாட்டுக்களைக் கொண்டும் அறியலாம். ஆதலின், 17 வயதிற்குட்பட்டார்க்கென நடைபெறும் உலகக் கோப்பைப் பந்தயத்தின் வரலாறு, விதி, பயன், குறை ஆகியவற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கத் துணிந்தோம்.

ஆடவர் பருவத்தைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என எழுவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் வயதெல்லை கூறுகிறது பன்னிருபாட்டியல். அதன்படி காளைப் பருவத்திற்கு எல்லை 16. அதன்மேல் 30 வரையும் விடலைப் பருவம். பிரபந்தம் பாடுவார்க்கென வகுத்த இவ்வரம்பு, நாம் எடுத்துக்கொண்ட பந்தயத்திற்கும் ஒருவாறு பொருந்துவது வியப்பே. முதன்முதல் இப்பந்தயம் வகுக்கப்பட்டபோது அதன் வயதெல்லை 16 என்றே இருந்தது. காளைக்கும் விடலைக்கும் இடைப்பட்ட வாயிற்படியில் நிற்கும் இளைஞனே இவ்வாட்டத்தின் தலைவன் என்க.

தோற்றமும் வளர்ச்சியும்

1977 ஆம் ஆண்டு தொடங்கிச் சிங்கப்பூரில் 16 வயதிற்குட்பட்டார்க்கென 'சிங்க நகரக் கோப்பை' என்னும் பந்தயம் நடைபெற்றது. அதனால் தூண்டப்பெற்ற ஃபிஃபா என்னும் சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனம், 1985 இல் சீன தேசத்தில் முதல் உலகப் பந்தயத்தை நடத்தியது. 16 நாடுகள் அதிற் கலந்துகொண்டன. இறுதியாட்டத்தில் நைஜீரியா மேற்கு ஜெர்மனியை இரண்டு கோல்களால் வென்றது. ஃபிஃபா நடத்திய ஒரு பந்தயத்தில் ஆப்பிரிக்க நாடொன்று வாகை சூடியது அதுவே முதன்முறை.

1991 இல் இத்தாலியில் நடந்தபோது வயதெல்லை 17 ஆக உயர்த்தப்பட்டது. 2007 இல் தென் கொரியாவில் நடந்தபோது அணிகள் 24 ஆயின. 2021 இல் பெரு நாட்டில் நடைபெறவிருந்த பந்தயம் கொரோனாத் தொற்றினால் கைவிடப்பட்டது. ஈராண்டுக்கொரு முறை நடந்துவந்த இப்பந்தயத்தை ஆண்டுதோறும் நடத்தத் துணிந்து, 2025 இல் கத்தார் நாட்டில் 48 அணிகளைக் கூட்டினர். அவ்வாண்டு போர்ச்சுகல் ஆஸ்திரியாவை ஒரு கோலால் வென்று முதன்முறை இக்கோப்பையைப் பெற்றது. பெண்மக்களுக்கென இவ்வயதிற்குரிய உலகக் கோப்பை 2008 இல் நியூஸிலாந்தில் தொடங்கிற்று. 2022 இல் நம் தேசத்திலேயே அது நடைபெற, ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் கொலம்பியாவை வென்றனர்.

வெற்றி பெற்றோர் வரிசையை நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். நைஜீரியா 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும், பிரேஸில் 1997, 1999, 2003, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வென்றன. கானா 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் வென்றது. எனவே 1985 முதல் 2015 வரை நடந்த 16 பந்தயங்களில் ஏழனை ஆப்பிரிக்க நாடுகளே கைக்கொண்டன. மூத்தோர் உலகக் கோப்பையிலோ, 2022 வரையில் எந்த ஆப்பிரிக்க நாடும் இறுதியாட்டத்தை எட்டவில்லை. அவ்வாண்டு மொராக்கோ அரையிறுதி வரை சென்றதே அதுகாறும் கண்ட பெருஞ்சிறப்பு. முளையிலே செழித்தது பயிரிலே ஏன் குன்றியது? 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்னும் பழமொழியைச் சோதிப்பதற்கு இதனினும் தக்க உரைகல் இல்லை. இவ்வினாவை மனத்துட்கொண்டு மேலே செல்வோம்.

ஆட்ட முறை

வயதைக் கணக்கிடும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பந்தய நாளன்று உள்ள வயதை எண்ணாமல், பிறந்த ஆண்டையே கொள்வர். 2017 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவரே ஆடலாம் என்பது விதி. ஒருநாள் முந்திப் பிறந்தவனுக்கு வாயில் அடைபட்டது. ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே அணியில் ஓடுவர். அவ்வயதில் பதினொரு மாத வேறுபாடு தோளிலும் காலிலும் நன்கு புலப்படும்.

24 அணிகள் இருந்தபோது, நான்கு நான்காக ஆறு பிரிவுகள் அமைத்தனர். ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு இடம் பெற்றவரும், மூன்றாமிடம் பெற்றவருள் சிறந்த நால்வரும் அடுத்த சுற்றிற்குச் செல்வர். அச்சுற்று முதல், தோற்றவர் நீங்குவர். 2017 இல் அவ்வாட்டங்கள் சமநிலையில் முடிந்தால், கூடுதல் நேரம் ஆடாமல் நேரே பெனால்டி உதைகளால் வெற்றியை முடிவு செய்தனர். இளைஞர் உடலை அளவிறந்து வருத்தலாகாது என்னும் கருத்திற்கு இவ்விதி இசைவதாகும்.

நம் தேசத்தில் நடந்த பந்தயம்

2017 அக்டோபர் 6 முதல் 28 வரை இப்பந்தயம் இந்தியாவில் நடைபெற்றது. தில்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாத்தி, கொல்கத்தா ஆகிய ஆறிடங்களில் 52 ஆட்டங்கள் நிகழ்ந்தன. நேரிற் கண்டோர் தொகை 13 இலட்சத்திற்கும் மேற்பட்டது. இப்பந்தய வரலாற்றில் அதற்குமுன் அத்துணைப் பெருங்கூட்டம் கூடியதில்லை. அடிக்கப்பட்ட கோல்கள் 183. கிரிக்கெட்டையன்றி வேறு விளையாட்டை இந்நாட்டார் நோக்கார் என்பாரது கூற்று அவ்வக்டோபர் மாதத்தில் பொய்த்தது.

பந்தயத்தை நடத்தும் நாடு என்னும் உரிமையினால் இந்திய அணி இடம்பெற்றது. போர்ச்சுகல் நாட்டு லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பயிற்சியாளர். மணிப்பூரைச் சார்ந்த அமர்ஜித் சிங் கியாம் அணித்தலைவர். முதலாட்டத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டிடம் மூன்று கோல்களால் தோற்றனர். அக்டோபர் 9 ஆம் நாள் தில்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் கொலம்பியாவை எதிர்த்தனர். இடைவேளைக்குப்பின் கொலம்பியா ஒரு கோல் அடித்தது. இந்திய இளைஞர் மனந்தளராது ஆடினர். 82 ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் மூலையினின்று உதைத்த பந்தை, ஜீக்ஸன் சிங் எழும்பித் தலையால் முட்டி வலைக்குட் செலுத்தினார். ஃபிஃபா நடத்தும் எந்த உலகக் கோப்பையிலும் இந்தியா அடித்த முதற்கோல் அதுவே. மைதானம் அதிர்ந்தது.

அவ்வதிர்ச்சி அடங்குமுன்னரே, அடுத்த நிமிடத்தில் கொலம்பியா மறுகோல் அடித்தது. இந்தியா 1, கொலம்பியா 2 என ஆட்டம் முடிந்தது. மூன்றாவதாகக் கானாவிடம் நான்கு கோல்களால் தோற்று, நம் அணி வெளியேறியது.

இதனைத் தோல்வி என்று மட்டும் எழுதிச் செல்லுதல் நேர்மையன்று. வெற்றி என்று பாராட்டுதலும் நேர்மையன்று. அக்கோல் நம்மவர் திறத்திற்குச் சான்று. அதனை அடுத்த நிமிடமோ, நம்மவர் பயிற்சிக் குறைவிற்குச் சான்று. பெருமகிழ்ச்சி வந்த கணத்திலும் தன்னிடத்தை விட்டு நீங்காது நிற்கும் பயிற்சி, பல பெரும்பந்தயங்களில் ஆடியவர்க்கே கைவரும். நம் இளைஞர்க்கு அத்தகைய பந்தயம் அதுவே முதல். தேர்வு மண்டபத்தில் ஒரு வினாவிற்கு நன்கு விடையெழுதிய களிப்பில் அடுத்த வினாவைத் தவறாகப் படிக்கும் மாணாக்கர்க்கு இவ்வுண்மையை விரித்துரைத்தல் மிகை.

கொல்கத்தாவில் நிகழ்ந்த இறுதியாட்டமும் இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐரோப்பிய இளைஞர் கோப்பையின் இறுதியாட்டத்தில் இங்கிலாந்து பெனால்டி உதைகளால் ஸ்பெயினிடம் தோற்றிருந்தது. அக்டோபர் 28 ஆம் நாள் அவ்விரு நாடுகளே மீண்டும் எதிர்ப்பட்டன. ஸ்பெயினின் செர்ஹியோ கோமெஸ் இரண்டு கோல்களை அடித்துவிட்டார். இடைவேளைக்குச் சற்று முன் இங்கிலாந்தின் ரியான் புரூஸ்டர் ஒன்றை மீட்டார். பிற்பகுதியில் மார்கன் கிப்ஸ் வைட் ஒன்றும், ஃபில் ஃபோடன் இரண்டும், மார்க் கெஹி ஒன்றும் அடிக்க, 5க்கு 2 என்னும் கணக்கில் இங்கிலாந்து வென்றது. சிறந்த ஆட்டக்காரர்க்குரிய தங்கப் பந்தினை ஃபோடனும், மிகுதியான கோல் அடித்தவர்க்குரிய தங்கப் பாதரட்சையை எட்டுக் கோல் அடித்த புரூஸ்டரும் பெற்றனர். ஏழாண்டுகள் கழித்து, 2024 ஜூலை மாதத்தில் பெர்லின் நகரில் நடந்த ஐரோப்பிய மூத்தோர் இறுதியாட்டத்தில் ஃபோடனும் கெஹியும் இங்கிலாந்திற்காக ஆடினர். அங்கும் எதிரி ஸ்பெயினே. இம்முறை வென்றது ஸ்பெயின்.

முளையும் பயிரும்

இப்பந்தயத்தில் சிறந்தோர் பின்னர் என்னாயினர் என்று நோக்குவோம். 2003 இல் பின்லாந்தில் தங்கப் பந்து பெற்ற ஸ்பெயினின் செஸ்க் ஃபாப்ரிகாஸ், 2010 மூத்தோர் உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் இனியெஸ்டாவுக்குப் பந்தை அளித்து, வெற்றிக்கோலுக்குக் காரணராயினார். 2007 இல் தங்கப் பந்து பெற்ற ஜெர்மனியின் டோனி குரூஸ், 2014 இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒருவர். இவர்களால் பழமொழி மெய்யாயிற்று.

1991 இல் அதே பரிசைப் பெற்றவர் கானாவின் நீ லாம்ப்டே. பெலேயின் வாரிசு என்று உலகம் அவரைப் புகழ்ந்தது. இளவயதிலேயே பெல்ஜியம் சென்று ஆண்டர்லெக்ட் சங்கத்தில் ஆடினார். பின்னர் ஹாலந்து, இங்கிலாந்து எனச் சங்கம் விட்டுச் சங்கம் மாறினார். அவரது புகழ் வளரவில்லை. மூத்தோர் உலகக் கோப்பையில் அவர் ஆடவேயில்லை. முடிவில் தாய்நாடு திரும்பிச் சிறுவர்க்கெனப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவரை வீழ்ந்தவர் என்று உரைக்க எம் நா எழவில்லை. தாம் பெறாத கல்வியைப் பிறர் பெறச் செய்தவர் எங்ஙனம் வீழ்ந்தவராவார்? ஆயினும் பதினாறு வயதுச் சிறுவன்மேல் உலகம் ஏற்றும் எதிர்பார்ப்புப் பெருஞ்சுமை என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

இனி, முன்னர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஆப்பிரிக்க நாடுகளின் முளைச் செழிப்புப் பயிரில் குன்றியதற்கு ஒரு காரணம் மட்டும் கூறலாகாது. நல்ல மைதானம், பயிற்சியாளர், மருத்துவம், ஒழுங்கான சங்க ஆட்சி ஆகியவை 17 வயதிற்குப்பின் ஆட்டக்காரனை வளர்ப்பன. செல்வ நாடுகளில் இவை மிகுதி; வறிய நாடுகளில் குறைவு. திறமுடைய சிறுவரை ஐரோப்பியச் சங்கங்கள் இளமையிலேயே விலை கொடுத்து அழைத்துச் செல்கின்றன. லாம்ப்டேயைப் போல அவர்களுள் பலர் வேற்று நாட்டில் துணையின்றி நிற்கின்றனர். மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அது சொல்லக் கூசுவது; ஆயினும் மறைக்கத்தகாதது. அது வயதைப் பற்றிய பொய்.

வயதின் மெய்ம்மை

இக்குற்றம் ஒரு கண்டத்தார்க்கு மட்டும் உரியதன்று. 1988 இல் மெக்ஸிக்கோ, 20 வயதிற்குட்பட்டோர் பந்தயத்திற்குரிய தகுதியாட்டங்களில் வயது கடந்தவரை ஆடச் செய்தது. அது வெளிப்பட்டபின், அந்நாட்டு அணிகள் யாவும் சர்வதேசப் பந்தயங்களினின்று இரண்டாண்டு விலக்கப்பட்டன. அதனால் 1988 ஒலிம்பிக் பந்தயத்தையும், 1990 உலகக் கோப்பையையும் மெக்ஸிக்கோ இழந்தது. அக்காலை ஸ்பெயினில் ஆடிவந்த ஹூகோ சான்செஸ் ஒரே பருவத்தில் 38 கோல்கள் அடித்துத் தம் புகழின் உச்சியில் நின்றார். இளைஞர் அணியின் குற்றத்தில் அவருக்கு யாதொரு பங்குமில்லை. இருந்தும் உலகக் கோப்பை நாளில் அவர் காண்போரில் ஒருவராய் இருக்க நேர்ந்தது. 1989 இல் நைஜீரியாவும் பிறந்தநாள் முரண்பாட்டினால் இளைஞர் பந்தயங்களினின்று இரண்டாண்டு விலக்கப்பட்டது.

ஏட்டை நம்பவியலாதபோது எலும்பை வினவத் தொடங்கினர். மணிக்கட்டிற்கு அருகே முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தகடு என்னும் குருத்தெலும்பு உண்டு. உடல் வளருங்கால் அது தனித்து நிற்கும். வளர்ச்சி முடிந்தபின் எலும்போடு முற்றும் ஒன்றிவிடும். 17 வயதிற்குமுன் அங்ஙனம் முற்றும் ஒன்றுதல் மிக அரிது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படத்தால் இதனைத் தீங்கின்றிக் காணலாம். 2009 இல் நைஜீரியாவில் நடந்த பந்தயம் முதல் ஃபிஃபா இச்சோதனையைக் கையாண்டது. பின்னர், கேமரூன் நாட்டுக் கால்பந்துச் சங்கத் தலைவராக இருந்த சாமுவேல் எட்டோ, தம் நாட்டு 17 வயதிற்குட்பட்ட அணியைச் சோதிக்கச் செய்தார். முப்பதின்மருள் இருபத்தொருவர் தேறவில்லை. அவர்களை நீக்கிவிட்டுப் புதியவரைத் தேடினர். தன் வீட்டைத் தானே பெருக்கத் துணிந்த அச்செயலை யாம் பாராட்டுகிறோம்.

எனினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். எலும்பு வயதைக் கூறும், உள்ளத்தைக் கூறாது. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கமில்லாத சிற்றூரிற் பிறந்தவன், தன் வயதைத் தானே அறியாதிருத்தலும் உண்டு. நம் நாட்டிலும் முன்னாளில், பள்ளியிற் சேரவந்த பிள்ளையை வலக்கையைத் தலைமேல் வளைத்து இடக்காதைத் தொடச் செய்து, தொட்டால் ஐந்து வயது நிரம்பிற்று எனத் தலைமையாசிரியர் பிறந்தநாளைத் தாமே குறித்துக்கொண்டார். அங்ஙனம் குறிக்கப்பட்ட நாளையே பிறந்தநாளாகக் கொண்ட பெரியோர் நம் இல்லங்களில் இன்றும் உளர். அவரைப் பொய்யர் எனல் ஆமோ? அறியாது பிழைத்தல் வேறு. அறிந்து மறைத்தல் வேறு.

அறிந்து மறைத்தல் பற்றி எழுத எமக்கு உரிமையுண்டு. யாமும் அதிற் பங்குகொண்டோம். பள்ளியிற் படித்த நாளில், பள்ளிகளுக்கிடையே நடந்த 17 வயதிற்குட்பட்டோர் பந்தயத்தில் எம் அணி ஆடியது. யாம் இடப்புறத்து ஆட்டக்காரர். எம் அணியிற் காவல் ஆட்டக்காரராய் நின்றவர் வயது கடந்தவர். தம் தம்பியின் சான்றிதழைக் கொண்டு, தம்பியின் பெயராலேயே ஆடினார். வெளியில் அவரை யாங்கள் 'அண்ணா' என்று அழைப்போம். மைதானத்தில் தம்பியின் பெயரைச் சொல்லியே அழைத்தல் வேண்டும் என்று எங்களுக்குக் கட்டளை. ஆட்டத்தின் நடுவே, பந்து எம் பக்கம் வர, பழக்கத்தால் 'அண்ணா!' என்று கூவிவிட்டோம். எங்கள் அணி முழுதும் ஒரு கணம் மூச்சடங்கி நின்றது. நடுவர் திரும்பி நோக்கி, ஒன்றும் வினவாது சென்றார். யாங்கள் வென்றோம். அவருக்கு இடமளிப்பதற்காக நீக்கப்பட்ட எம் வகுப்புத் தோழர், எல்லைக்கோட்டின் அருகே தண்ணீர்க் குடத்தோடு அமர்ந்திருந்தார். வெற்றிப் படத்தில் அவர் இல்லை. அதன்பின் அவர் மைதானத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

வயதுப் பொய்யால் கெடுபவர் யார் என்று வினவுவார்க்கு, அத்தோழரையே விடையாகக் காட்டுவோம். உயரமும் வலிமையும் மிக்க பத்தொன்பது வயதினன், பதினாறு வயதினன்போல் நின்று வெல்லும்போது, எதிரணி தோற்பதோடு, தன் அணியிலேயே உண்மையான பதினாறு வயதினன் ஒருவன் வளராமற் போகிறான். இளைஞர் கோப்பையைப் பெற்ற நாடு, மூத்தோர் கோப்பைக்கு வேண்டிய ஆட்டக்காரனை அன்றே இழந்துவிடுகிறது. முளையிலே தெரிந்தது பயிரன்று. முன்னமே விளைந்த கதிரை முளை என்று காட்டினர். அங்ஙனம் காட்டியபின் பழமொழியை நொந்து பயனென்?

சென்ற விடுமுறையில் அத்தோழரை ஊரிற் கண்டோம். நெடுநாள் மனத்திற் கிடந்ததைச் சொல்லி, அன்று வாய்மூடி இருந்தமைக்கு மன்னிப்பு வேண்டினோம். அவர் நகைத்து, 'அண்ணன் என்னைவிட நன்றாகத்தானே ஆடினார்?' என்றார். சற்றுப் பொறுத்து, 'ஆனால், நான் எவ்வளவு நன்றாக ஆடியிருப்பேன் என்பது எனக்கே தெரியாமற் போயிற்று' என்றார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இப்பந்தயம் இளைஞரின் திறத்தை உலகிற்குக் காட்டும் நல்வாயில் என்பதும், அத்திறம் முதிர்வதற்குப் பின்னரும் பல்லாண்டு உழைப்பும் துணையும் வேண்டும் என்பதும், வெற்றியை விரைந்து பெறக் கருதிச் சொல்லும் பொய் இளைஞரையே விழுங்கும் என்பதும் பெறப்படும். இளையோர் பந்தயத்தின் பயன் கோப்பையன்று. ஒருவன் தன் வயதில் தன் அளவு இன்னது என்று அறிந்துகொள்ளுதலே. தில்லியில் ஜீக்ஸன் சிங் அறிந்ததும், கொல்கத்தாவில் ஃபோடன் அறிந்ததும் அதுவே. எம் தோழருக்கு அது மறுக்கப்பட்டது.

யாம் காளைப் பருவத்தைக் கடந்து விடலைப் பருவத்திற் புகுந்துவிட்டோம். இவ்வாண்டு நம் கலாசாலை அணிக்கு ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்புடையாரும், அவ்வணியில் இடம்பெற விழைவாரும் இக்கட்டுரையைப் படிப்பராயின், எல்லைக்கோட்டின் அருகே அமர்ந்திருப்பவனையும் ஒருமுறை திரும்பி நோக்குவாராக.